பேரத்தில் வாய்மை

கரிசல் பூமியில் மாசியும் பங்குனியும் வத்தல் காலம். விளாத்திகுளத்திலிருந்து புதூர்ப் பக்கம் போனாலும் வேம்பார்ப் பக்கம் போனாலும், களங்களில் மிளகாய்ப் பழம் செக்கச்செவேலெனக் காய்ந்து கிடப்பதைக் காணலாம். புரட்டாசியில் விதைத்து, ஐப்பசி கார்த்திகை மழையை நம்பியிருந்து, களையெடுத்து, மருந்தடித்து, தை பிறந்தது முதல் பழம் பறித்து உலர்த்தும் சம்சாரிக்கு அந்தச் சிவப்புக் குவியலே ஆண்டு முழுமைக்குமான வரவு.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு பங்குனிக் கடைசியில், மூன்று வியாபாரங்களை ஒரே வாரத்தில் அருகிருந்து கண்டோம். மூன்றிலும் ஒரு பக்கத்தில் நின்றவர் நம் மைத்துனர். பின்னிரண்டில் நமக்கும் பங்குண்டு. பேரம் பேசுதல் தகுமா, தகுமெனில் யாரிடம், எவ்வளவு தூரம் என்னும் கேள்வி அன்று முதல் நம்மை விட்டு அகலவில்லை. வாசகர்களோடு அதைப் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதல் வியாபாரம் களத்தில் நடந்தது. வியாபாரி வந்தார். குவியலுக்குள் கைவிட்டு ஒரு பிடி வத்தலை அள்ளினார். ஒன்றை ஒடித்து முகர்ந்தார். ஒரு விலையைச் சொன்னார். மைத்துனர் வானத்தை ஒருமுறை பார்த்தார். கோடை மழை இறங்கினால் வத்தல் நிறம் வெளுத்துவிடும். விதைப்புக்கும் மருந்துக்கும் அவர் முன்பணம் பெற்றிருந்ததும் அதே வியாபாரியிடம்தான். "சரி அண்ணாச்சி" என்றார். பத்து நிமிடத்தில் ஆண்டு முழுவதற்குமான உழைப்பு விலைபோயிற்று.

இரண்டாவது, தூத்துக்குடியில் ஒரு கார் விற்பனை நிலையத்தில் நடந்தது. வீட்டில் முதியவர்களை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல ஒரு சிறிய கார் வேண்டுமென்பது மைத்துனரின் நெடுநாள் ஆசை. "நீங்க நாலு எழுத்துப் படிச்சவங்க, கூட வாங்க மச்சான்" என்று நம்மை அழைத்துப் போனார். எங்களிடம் பேசியவர் ஓர் இளைஞர். புதூர்ப் பக்கத்துச் சம்சாரி வீட்டுப் பிள்ளை. மூன்று மணி நேரம் பேரம் நடந்தது. அவர் அசையாதபோது நாம் ஒரு பொய்யைச் சொன்னோம். "மதுரையில் இதே வண்டியை இருபதாயிரம் குறைத்துத் தருகிறார்கள்" என்றோம். மதுரையில் நாங்கள் யாரையும் கேட்டதில்லை. இளைஞர் உள்ளே போய் மேலாளரிடம் பேசிவிட்டு வந்தார். பதினெட்டாயிரம் குறைந்தது, கால்மிதிகளும் கிடைத்தன. மைத்துனர் நம் கையை இறுகப் பற்றிக்கொண்டார்.

மூன்றாவது, திரும்பும் வழியில் குளத்தூருக்கு அருகே சாலையோரத்தில். ஒரு மூதாட்டி நுங்கு சீவிக்கொண்டிருந்தார். அவர் சொன்ன விலையில் பத்து ரூபாய் குறைக்கச் சொன்னோம். "வெயில்ல கெடக்கேன் ஐயா" என்றார். நாங்கள் வண்டியில் ஏறப் போவதுபோல் இரண்டடி வைத்தோம். அவர் குறைத்துக்கொண்டார்.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. பொய் சொன்னது உறுத்தியது உண்மையே. ஆனால் அதனினும் பெரிதாக வேறொன்று உறுத்தியது. களத்தில் தம் பொருளுக்கு வாய் திறவாத மனிதர், சாலையோரத்தில் மூதாட்டியிடம் வாய் திறந்தார். நாமும் உடன் நின்றோம். எங்கே பேசியிருக்க வேண்டுமோ அங்கே பேச இயலவில்லை. எங்கே பேசாதிருந்திருக்க வேண்டுமோ அங்கே பேசி வென்றோம்.

பேரமே தவறு என்று கூறுவாரும் உண்டு. அக்கூற்று நமக்கு உடன்பாடன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே பேரம் பேசியுள்ளார்கள். ஒரு பயணத்திலிருந்து திரும்பும் வழியில், இளைஞரான ஜாபிர் பின் அப்துல்லாஹ் (ரலி) அவர்களின் ஒட்டகம் களைத்துப் பின்தங்கியது. அதைத் தமக்கு விற்குமாறு நாயகம் கேட்டார்கள். ஓர் ஊக்கியா வெள்ளிக்கு விலை முடிந்தது. மதீனா சேரும்வரை அதன்மீதே பயணம் செய்வேன் என்று ஜாபிர் நிபந்தனை விதித்தார், அதுவும் ஏற்கப்பட்டது. ஊர் சேர்ந்ததும் பிலால் (ரலி) அவர்களிடம் சொல்லி வெள்ளியைச் சற்றுக் கூடுதலாகவே நிறுத்துக் கொடுக்கச் செய்தார்கள். பின்னர் ஒட்டகத்தையும் ஜாபிருக்கே திருப்பியளித்தார்கள். தந்தை உஹதுப் போரில் ஷஹீதாகி, தங்கையரைக் காக்கும் பொறுப்பும் கடன்களும் தலைமேல் இருந்த இளைஞர் அவர்! பேரம் இருந்தது, நிபந்தனை இருந்தது, விலையும் முறையாகத் தீர்ந்தது. ஆயினும் பேரத்தின் முடிவில் எதிரே நின்றவர் மெலியவில்லை, நிமிர்ந்தார்.

வாங்குவோரும் விற்போரும் மெய் பேசிக் குறைகளை வெளிப்படுத்தினால் அவ்வியாபாரத்தில் பரக்கத் உண்டென்றும், மறைத்துப் பொய் பேசினால் அது அழிக்கப்படுமென்றும் கூறும் ஹதீஸை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். கேட்கும்போதெல்லாம் கடைக்காரரைத்தான் நினைத்துக்கொள்கிறோம். அங்கே வாங்குவோரும் சேர்த்தே சொல்லப்பட்டிருப்பதை மறந்துவிடுகிறோம். தானியக் குவியலின் ஈரத்தை அடியில் மறைத்தவனுக்குக் கண்டனம் என்றால், மதுரையில் இல்லாத ஒரு விலையை மேலே வைத்துக் காட்டியவனுக்கு மட்டும் மன்னிப்பு எங்ஙனம்?

இப்னு மாஜாவில் ஒரு செய்தி இடம்பெற்றுள்ளது. கைலா என்னும் வணிகப் பெண்மணி நாயகத்திடம் வந்து, தாம் வாங்கும்போது மனத்தில் உள்ளதைவிடக் குறைத்துக் கேட்டுப் படிப்படியாக ஏற்றுவதையும், விற்கும்போது கூட்டிச் சொல்லிப் படிப்படியாக இறக்குவதையும் கூறினார். அவ்வாறு செய்யாமல், கருதிய விலையையே சொல்லுமாறு நாயகம் அறிவுறுத்தியதாக அச்செய்தி கூறுகிறது. அதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என்பர் ஹதீஸ் கலை அறிஞர்கள். எனவே அதை வைத்து ஏற்றி இறக்கிப் பேசுவதை விலக்கென்று கூற நாம் துணியவில்லை. ஆனால் தம் அன்றாட வழக்கத்தை ஒரு பெண்மணி கேள்விக்குரியதாகக் கொண்டு வந்து நின்றாரே, அந்த மனநிலை நமக்கு வாய்க்க வேண்டும்.

இக்கேள்வியைப் பிற சமயத்தாரும் எதிர்கொண்டிருக்கின்றனர். பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸ் என்பாரைப் பின்பற்றிய குவேக்கர் வணிகர்கள், கூட்டிச் சொல்லிக் குறைப்பது பொய்யே எனக் கருதி, ஒரே விலை வைத்து விற்றனர். குழந்தையை அனுப்பி வாங்கினாலும் பெரியவர் போய் வாங்கினாலும் ஒரே விலை என்னும் நம்பிக்கை மக்களை அவர்கள் கடைகளுக்கு ஈர்த்தது. பின்னாளில் பெரிய அங்காடிகள் யாவும் விலைச்சீட்டு ஒட்டி விற்கும் முறைக்கு வந்தன. ஆனால் கார் மட்டும் இன்றளவும் பல நாடுகளில் பேரப் பொருளாகவே நிற்கிறது. அமெரிக்காவில் 1958 இல் ஒரு சட்டம் இயற்றி, ஒவ்வொரு புதிய காரின் கண்ணாடியிலும் உற்பத்தியாளரின் விலையை ஒட்டவேண்டும் என்றார்கள். அப்படியும் பேரம் ஒழியவில்லை.

அதன் விளைவு என்ன? அயர்ஸ், சீகல்மன் என்னும் இரு அறிஞர்கள் சிகாகோ வட்டாரத்துக் கார் விற்பனை நிலையங்களுக்கு ஆட்களை அனுப்பிச் சோதித்து, முடிவுகளை 1995 இல் வெளியிட்டனர். அனுப்பப்பட்டோர் அனைவரும் ஒரேவிதமாகப் பேசப் பயிற்றப்பட்டவர்கள். எனினும் வெள்ளையர் ஆடவர்க்குச் சொன்ன விலையினும் பெண்களுக்கும் கறுப்பினத்தார்க்கும் கூடுதல் விலையே சொல்லப்பட்டது. பேச்சு ஒன்று, முகம் வேறு, விலையும் வேறு.

நம் ஊருக்கும் இது பொருந்துமா என்று எண்ணியபோதுதான், வண்டியை எடுக்கச் சென்ற நாள் நினைவுக்கு வந்தது. அன்று அந்த இளைஞரைத் தனியே அழைத்து, "தம்பி, மதுரை விலை என்று நாம் சொன்னது பொய்" என்றோம். அவர் சினப்பார் என்று எதிர்பார்த்தோம். சிரித்தார். "தெரியும் ஐயா. வர்றவங்க பாதிப்பேர் மதுரையைத்தான் சொல்லுவாங்க. அதுக்குத் தக்கத்தான் நாங்க முதல்ல தள்ளுபடியைக் காட்டாம வச்சிருப்போம்" என்றார். சற்று நிறுத்தி, "ஒண்ணும் கேக்காம முழுசாக் கட்டிட்டுப் போறவங்களும் இருக்காங்க. அவங்கதான் ஐயா பாவம்" என்றார். அவருக்குரிய ஊக்கத்தொகையிலும் ஒரு பகுதி எங்கள் தள்ளுபடியில் போயிற்று என்பதையும் அன்றுதான் அறிந்தோம்.

அச்சொற்கள் நம் கண்களைத் திறந்தன. நம் பொய் அந்த விற்பனை நிலையத்தை ஏமாற்றவில்லை. அது முன்கூட்டியே விலையில் கணக்கிடப்பட்டிருந்தது. பொய் சொல்லத் தெரிந்தவன் அதைக் கழித்துக்கொள்கிறான். பொய் சொல்லாதவன், பேசத் தெரியாதவன், கூச்சப்படுபவன் அதைக் கட்டிவிட்டுப் போகிறான். கணவனை இழந்து பிள்ளைக்காக வண்டி எடுக்க வரும் ஒரு பெண்மணியோ, வேட்டி கட்டி வரும் நம் கரிசல் சம்சாரியோ, நம் பொய்யின் விலையைத் தம் பணத்தில் செலுத்துகின்றனர். விற்பவர் முகம் அறிந்து விலை சொல்வது எப்படித் தவறோ, அப்படியே அம்முறைக்கு உரமிடும் வாங்குவோர் பொய்யும் தவறு.

அவ்வாறாயின், கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வருவதா? வேண்டியதில்லை. பொய்யில்லாமலும் பேரம் பேசலாம். அதற்கு வேண்டியது அறிவு. கார் கிடைப்பதே அரிதாயிருந்த காலத்தில் பேரத்துக்கு இடமே இல்லை. அம்பாசடருக்கும் பியட்டுக்கும் முன்பணம் கட்டி ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். முன்னதாகப் பெற மேல்விலை கொடுத்தார்கள். 1983 இல் மாருதி 800 வந்த பின்னர் அந்நிலை மெல்ல மாறியது. இன்று தேர்ந்தெடுக்கும் உரிமை வாங்குவோரிடம் இருக்கிறது. அதைப் பயன்படுத்தும் வழிதான் பலர்க்குத் தெரிவதில்லை.

விற்பனை நிலையம் தரும் விலைத்தாளில் பல வரிகள் இருக்கும். வண்டியின் விலை, அரசுக்குச் செல்லும் ஆயுட்கால வரி, பதிவுக் கட்டணம், காப்பீடு, உபகரணங்கள், கூடுதல் வாரண்டி என்று அவை நீளும். வரிக்கும் பதிவுக்கும் அரசின் இரசீது உண்டு, அங்கே பேரமில்லை. 'ஹாண்ட்லிங் சார்ஜ்' போன்ற பெயரில் எழுதப்படும் தொகைக்கு அரசு இரசீது இராது. அது எதற்கு என்று கேட்பது நம் உரிமை. புதிய கார்களுக்கு மூன்றாம் நபர் காப்பீட்டை மூன்று ஆண்டுக்குச் சேர்த்தே எடுக்க வேண்டுமென்பது 2018 செப்டம்பர் முதல் உள்ள விதி. ஆனால் அதை எந்த நிறுவனத்தில் எடுப்பது என்பது நம் விருப்பம்; வெளியே விசாரித்து ஒப்பிடலாம். பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு வசூலிக்கப்படும் 1 விழுக்காடு, வருமான வரிக் கணக்கில் நாம் கழித்துக்கொள்ளத்தக்கது. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தது. இத்தகைய மாற்றங்களைத் தெரிந்துகொண்டு போகிறவர்க்கு விலைத்தாளைச் சரிபார்ப்பது எளிது. வண்டி எந்த மாதம், எந்த ஆண்டு தயாரிக்கப்பட்டது என்று கேட்கலாம். ஆண்டு மாறிய பழைய இருப்புக்கு விலை குறைப்பது முறையே. மாதக் கடைசியிலும் ஆண்டுக் கடைசியிலும் இலக்கை எட்ட அவர்களே இறங்கிவருவர். கடன், காப்பீடு, உபகரணங்கள் ஆகியவற்றிலும் விற்பனை நிலையத்துக்கு வருவாய் உண்டாதலால், வண்டியின் விலையில் குறைத்ததை அங்கே கூட்டிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மாதத் தவணையைப் பேசாது மொத்தத் தொகையைப் பேசவேண்டும்.

இவ்வளவையும் அறிந்துகொண்டு, இரண்டு மூன்று இடங்களில் மெய்யாகவே விலை கேட்டு, எழுத்தில் பெற்று, "என்னால் இயன்றது இவ்வளவு" என்று கூறி, இணங்காவிடில் எழுந்து வருவது பேரம். அதில் பொய்யில்லை, எவர்க்கும் தீங்கில்லை. மதுரைக்கு ஒரு தொலைபேசி செய்திருந்தால் நாமும் அதைச் செய்திருக்கலாம். சோம்பலே நம்மைப் பொய்யராக்கியது.

இனி, நம்மை அதிகமாக உறுத்திய மற்றொன்றுக்கு வருவோம். விற்பனை நிலையத்திடம் கண்டிப்பாகப் பேசியது தவறில்லையென்றால், நுங்கு விற்ற மூதாட்டியிடம் பேசியது மட்டும் ஏன் உறுத்துகிறது? இரண்டும் பேரந்தானே?

இரு கேள்விகளில் விடை இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. எதிரே நிற்பவர்க்கு விலை தெரியுமா? அவரால் காத்திருக்க முடியுமா? விற்பனை நிலையத்துக்கு விலை நம்மைவிட நன்றாகத் தெரியும். நாம் போனால் நாளை வேறொருவர் வருவார், வண்டி வாடிவிடாது. மூதாட்டியின் நுங்கோ மாலைக்குள் விற்றாக வேண்டும். களத்து வத்தலோ மழைக்கு முன் விற்றாக வேண்டும். முன்பணக் கடனோ அதற்கும் முன்பே கழுத்தைப் பிடித்திருக்கிறது. தெரியாதவரிடமும் காத்திருக்க முடியாதவரிடமும் நாம் பேசிப் பெறும் குறைவிலை, பேரத்தால் வந்ததன்று. அவருடைய இக்கட்டால் வந்தது.

சந்தைக்கு வரும் வணிகக் கூட்டத்தை ஊருக்கு வெளியே எதிர்கொண்டு, சந்தை விலையை அவர்கள் அறியுமுன் வாங்குவதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்ததன் கருத்தும் இதுவே அன்றோ? நம் நாட்டிலும் 1933 இலேயே சென்னை மாகாணத்தில் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் இயற்றப்பட்டு, அதன் வழியே ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்கள் அமைந்தன. சரியான எடை, பலர் அறிய விலை என்பதே அவற்றின் நோக்கம். சட்டம் வந்தும், முன்பணம் பெற்ற சம்சாரி களத்திலேயே விற்கிறார் என்றால், அவருக்கு வேண்டியது கூடம் மட்டுமன்று, காத்திருக்கும் வலிமையும்தான்.

இவ்வகையில் ஜரீர் பின் அப்துல்லாஹ் (ரலி) அவர்களின் வரலாறு நம் நெஞ்சில் நிற்பது. அக்காலத்தில் குதிரையே இன்றைய கார். அவர்களின் பணியாளர் ஒரு குதிரையை முந்நூறு திர்ஹத்துக்குப் பேசி முடித்தார். குதிரையைக் கண்ட ஜரீர், அதன் சொந்தக்காரரிடம் சென்று, "உம்முடைய குதிரை இதனினும் மதிப்புடையது" என்று கூறிக் கூறி விலையை ஏற்றி, எண்ணூறு திர்ஹம் கொடுத்தார். எல்லா முஸ்லிம்களுக்கும் நன்மையே நாடுவேன் என்று நாயகத்திடம் வாக்களித்தவர் அவர். விற்பவர் அறியாத விலையை வாங்குபவர் அறிவாராயின், அந்த அறிவு வாங்குபவருக்கு இலாபமன்று, பொறுப்பு என்று அவர் கொண்டார். காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பற்றிப் பட்டினப்பாலை சொல்வதும் இதற்கு வெகு தொலைவில் இல்லை. கொள்ளும்போது மிகையாகக் கொள்ளாமலும், கொடுக்கும்போது குறைத்துக் கொடுக்காமலும், பிறர் பொருளையும் தம் பொருள்போல் அவர்கள் பேணினர் என்கிறது அது.

ஒவ்வோர் ஆண்டும் பக்ரீதுக்கு முன் நம் குடும்பத்தார் பலர் எட்டயபுரத்துச் சனிக்கிழமை ஆட்டுச்சந்தைக்குப் போகிறோம். உமறுப்புலவர் வாழ்ந்த ஊர் அது. அங்கே பெரிய வியாபாரியிடம் தாராளமாகப் பேசலாம். அவர்க்கு விலை தெரியும். ஆனால் இரண்டே கிடாயை ஓட்டிக்கொண்டு வந்து, பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்காக விற்றுவிட்டு மாலைக்குள் ஊர் திரும்ப வேண்டிய ஆயாவிடம் ஐந்நூறு ரூபாய் குறைத்துவிட்டு, அந்தக் கிடாயை இறைவனுக்குக் குர்பானி கொடுப்பதில் என்ன பெருமை இருக்கிறது? இறைச்சியில் மூன்றில் ஒரு பங்கை ஏழைக்கு வழங்கும் நாம், வாங்கும்போதே ஏழையிடமிருந்து ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறோமே!

தமக்கு அளந்து வாங்கும்போது நிறைவாகவும், பிறர்க்கு அளந்து கொடுக்கும்போது குறைவாகவும் செய்வோரைத் திருக்குர்ஆனின் 83 ஆம் அத்தியாயம் கடுமையாக எச்சரிக்கிறது. நம்மிடம் படியும் தராசும் இல்லையாதலால் அது நமக்கன்று என்று எண்ணியிருந்தோம். வலியவரிடம் ஒரு நாவு, எளியவரிடம் ஒரு நாவு என்று வைத்திருப்பவனிடமும் இரு படிகள் இருக்கின்றன என்பதை அந்தப் பங்குனி வாரம் நமக்குக் கற்பித்தது.

மைத்துனரிடம் இதையெல்லாம் ஒருநாள் சொன்னோம். நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "என் வத்தலுக்கு யாராவது ஒருத்தர் ஜரீரா வந்திருந்தா நல்லாத்தான் இருக்கும் மச்சான்" என்றார். அடுத்த ஆண்டு அவரும் இன்னும் நால்வரும் சேர்ந்து, ஒருவர்க்கொருவர் கைமாற்றுக் கொடுத்து, முன்பணம் பெறாமலே விதைத்தனர். விளைச்சல் பெரிதன்று. ஆனால் முதலில் வந்த விலைக்கு "யோசித்துச் சொல்கிறோம்" என்று அவர்களால் சொல்ல முடிந்தது. மைத்துனர் தம் வாழ்நாளில் களத்தில் பேசிய முதல் பேரம் அது.

குளத்தூர்ச் சாலையில் அந்த மூதாட்டியைப் பின்னர் இருமுறை தேடிப் போனோம். அந்தப் பனைகள் நிற்கின்றன, அவரைக் காணவில்லை. பெயரும் கேட்டுவைக்கவில்லை. அந்தப் பத்து ரூபாய் இன்னும் நம்மிடந்தான் இருக்கிறது. பேரம் பேச வாய் திறக்கும்போதெல்லாம் அது நம் நினைவில் வருகிறது. எடுத்துக்கொள்ளும் முன்பே எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்க்கும் தெளிவை வல்ல நாயன் நம் அனைவர்க்கும் அருள்வானாக.